அம்மாவுக்காக நான் எழுதிய பரீட்சை

அம்மா ரொட்டி சுடுவதை நிறுத்தாத காலையிலிருந்து தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் நல்லவளாகத் தெரியும்படி ஆகிவிடுகிறது. பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறையான எங்கள் காம்பராவில் நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், என்னைவிட நாலு வயது இளைய தங்கச்சி. எனக்குப் பதினேழு வயது. பதுளையில் விடுதியில் தங்கி உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் பெருவிரலை மையில் தொட்டுத்தான் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். தோட்டத்தில் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு முதன்முதலில் விசேட சித்தி எடுத்ததும் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொன்னதே இல்லை. இப்போதும் சொல்ல வரவில்லை.

அந்தக் காலைக்கு ஒரு மாதத்துக்கு முன் அம்மா விழுந்திருந்தாள். மழை நாள். முதுகில் நிறைந்த கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது கல்படியில் கால் சறுக்கி, தண்ணீர் ஓடும் கானின் கல் விளிம்பில் நெற்றி மோதியது. தோட்டத்து லொறியில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் நினைவில்லை. பிறகு கண் திறந்தாள், பேசினாள், சோறு கேட்டாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்போடு இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். லயமே வந்து பார்த்துவிட்டு, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று போனது.

விழுவதற்கு முன்னால் அம்மாவின் காலை எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். ஐந்து மணிக்கு அடுப்பு எரியும். தேத்தண்ணீருக்குக் கொதிக்க வைத்துவிட்டு வாளியைக் கொண்டுபோய் லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் வரிசைக்குப் போட்டுவிட்டு வருவாள். வாளி அவளுக்காக வரிசையில் நிற்கும். அதற்குள் மாவைப் பிசைந்துவிடுவாள். ரொட்டி ஒரு பக்கம் வேகும் நேரத்தில் தங்கச்சிக்கு ஒரு பின்னல். திருப்பிப் போட்டால் இன்னொரு பின்னல். சம்பல் இடித்து முடிக்கும்போது பீலியில் அவள் முறை வந்திருக்கும். ஆறரைக்குப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடையை மாட்டி, பெரட்டுக் களத்தில் நிற்பாள். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். ஒருநாள்கூட அம்மா பிந்தியதில்லை. இதற்கெல்லாம் புத்தி வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. புத்தி என்பது என்னிடம் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்காக விடுதியிலிருந்து வந்து வீட்டில் தங்கியிருந்தேன். அந்தக் காலையில் நான் எழுந்தபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பழைய மேசைமேல் அடுக்கடுக்காக ரொட்டி. தங்கச்சி ஒரு மூலையில் தலை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்த மாவுப் பையின் வாய் திறந்து, பை தொங்கிப்போயிருந்தது.

“என்னம்மா இது?”

“ரொட்டி.”

“நாம எத்தனை பேரு இருக்கோம்?”

“நாலு பேரு.” அம்மா என்னை ஏளனமாகப் பார்த்தாள். “இதுகூடத் தெரியாமத்தான் பதுளையில படிக்கிறியா?”

“நாலு பேருக்கு இம்புட்டு ரொட்டியா?”

“நெறையாத்தான் இருக்கு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையை எடுத்துத் தட்டத் தொடங்கினாள்.

நிறைய என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. மாவு தீர்ந்த பிறகுதான் நின்றது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொட்டிகளை வாழை இலையில் சுற்றி லயம் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், அம்மா பிழைத்து வந்ததற்கு வேண்டுதல் என்று சொன்னாராம். எங்கள் வீட்டில் முதல் பொய் அவருடையது. அது பாவமில்லாத பொய்.

பீலியில் வாளி நிரம்பி வழிய, பக்கத்தில் நிற்பவளின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டே அம்மா நிற்பதையும் நான் பார்த்தேன். தேத்தண்ணீருக்குச் சீனியைப் போடுவாள், தேயிலையைப் போடமாட்டாள். அதுவரை தோட்ட நிர்வாகியான தொரையைக் கண்டால் தலை குனிந்து ஒதுங்கி நின்ற அம்மா, லயத்துப் பக்கம் வந்த சின்ன தொரையைப் பார்த்து, “தொரைக்கு வயிறு முன்னால வருது, தொரை பின்னால வர்றாரு” என்று உரக்கச் சொன்னாள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சின்ன தொரைக்குத் தமிழ் அரைகுறை. அதனால் தப்பித்தோம்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வரச்சொல்லியிருந்தார்கள். போவதற்கு முந்தின நாள் அப்பா என்னிடம் சொன்னார்: “நீ படிச்ச புள்ள. டாக்டர்கிட்ட நீயே பேசு. நான் போனா பேந்தப் பேந்த முழிப்பேன்.” பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “அம்மாவுக்கு முடியலேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னா, அம்மா பேருக்கு நீதான் நிக்கணும்” என்றார்.

தோட்டத்து வழக்கம் அது. ஒருத்தி வேலையிலிருந்து நின்றால் அவள் பேருக்கு மூத்த மகள் பெரட்டில் நிற்கவேண்டும். வீட்டில் வேலைக்கு ஆள் குறைந்தால் காம்பராவை விடச்சொல்லிப் பேச்சு வரும். அப்பா மிரட்டவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. என் தலைக்குமேல் கூடைக் கயிறு விழுவதை அப்படியே கண்முன் பார்த்தேன்.

அப்போது நான் செய்ததைப் படித்த பிள்ளைதான் செய்யமுடியும். வார்டில் டாக்டர்மார் அம்மாவிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் நான் என் இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு, மூன்று பொருள்களைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள். எனக்கு அது கடந்தகால வினாத்தாள் மாதிரி இருந்தது. வினாத்தாளைச் செய்து பழகினால் பாஸ் பண்ணலாம் என்பதுதான் அதுவரை வாழ்க்கை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். பாஸ் பண்ணினால் சுகம் என்று அர்த்தம். அப்படித்தான் நான் உண்மையாகவே நம்பினேனா, நம்புவதுபோல் இருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை முழுவதும் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். மறுநாள் காலை பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸிலும் நடத்தினேன். அம்மாவுக்கு அது பெரிய விளையாட்டு.

“நூத்துல ஏழு போனா?”

“தொண்ணூத்தி மூணு.”

“அதுல ஏழு போனா?”

“எண்பத்தாறு. ஏன் புள்ள ஏழேழா எடுக்கிற, மொத்தமா எடுத்துட்டுப் போயேன்!” முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் தலையில் முடி இல்லாததைப் பற்றி அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அதற்கு முன் நான் அம்மாவைக் கிள்ளியதே இல்லை.

கிளினிக்கில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். தலை நரைத்த, பொறுமையான மனிதர். எல்லாக் கேள்விகளையும் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்திருக்கவே வேண்டியதில்லை, அவளுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அவள் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுதாகியிருந்தது வேறொரு இடம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீர்தானே மகள்? அம்மா வீட்டில முந்தி மாதிரித்தான் இருக்கிறாவோ? சமையல், வேலையெல்லாம் ஒழுங்காச் செய்யிறாவோ? கதை பேச்சில ஏதும் வித்தியாசம் கண்டனீரோ?”

இந்தக் கேள்வி என் கொப்பியில் இல்லை. இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

“ஆமாங்க சார். எல்லாம் முன்ன மாதிரிதாங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, “நான் ரொட்டி நெறையாச் சுட்டுட்டேன் சார். கை நிக்க மாட்டேங்குது” என்றாள்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் கேட்கமுடிகிறது. “வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க சார். அதைச் சொல்றாங்க.”

அம்மா ஒரு கணம் யோசித்தாள். “ஆமாங்க,” என்றாள், “விருந்தாளிங்க.”

அவ்வளவுதான். டாக்டர் அட்டையில் எழுதினார். வேலைக்குப் போகலாம். என்ன படிக்கிறீர் என்று என்னைக் கேட்டார். உயிரியல் என்றேன். “கெட்டிக்காரி, மெடிசினுக்கு ட்ரை பண்ணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பஸ் முழுக்க, பாதை முழுக்க வாய்க்குள் இனிப்பு மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குப் பசறையில் வடை வாங்கிக் கொடுத்தேன். தன் குறையைத் தன் வாயாலேயே டாக்டரிடம் சொன்னவளின் வாயை அடைத்துவிட்டு வடை வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த மாதமே வகுப்பில் மூளை வந்தது. ஆசிரியை கரும்பலகையில் பெரிதாக வரைந்து சோணைகள் என்னும் பகுதிகளாகப் பிரித்தார். நெற்றி எலும்புக்கு நேர் பின்னால் இருப்பது நுதற்சோணை. திட்டமிடுதல், ஒன்றைத் தொடங்குதல், உரிய நேரத்தில் நிறுத்துதல், வேலைகளை வரிசைப்படுத்துதல், சொல்லக்கூடாததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளுதல் எல்லாம் அதன் பொறுப்பு. அது பழுதானாலும் ஆள் பேசலாம், எண்ணலாம், பழையதை நினைவுகூரலாம். ஆனால் அறிந்ததைச் செயலாக்கமுடியாது. நான் ஒவ்வொரு சொல்லையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

தவணைப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது ‘உரிய நேரத்தில் நிறுத்துதல்’ என்ற இடத்தில் என் பேனா நின்றது. மேசைமேல் அடுக்கியிருந்த ரொட்டிகள் வந்தன. புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு வந்தது. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நான் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது வாசலுக்கு உள்பக்கம் ஒரு நீளமான பலகை போட்டிருந்தது. அதன்மேல் வரிசையாகச் சாமான்கள்: முதலில் சீப்பு, பிறகு தேத்தண்ணீர்க் கோப்பை, பிறகு மடித்த படங்கு, தலைக்குக் கட்டும் துணி, கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு, கூடை, கடைசியில் செருப்பு. தங்கச்சிதான் அடுக்கியிருந்தாள். அம்மா இடது பக்கமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடித்தால் வாசலுக்கு வந்திருப்பாள். இடையில் அம்மா நின்றுவிட்டால் தங்கச்சி தொடமாட்டாள், எடுத்துக் கொடுக்கமாட்டாள். “அடுத்து என்னாம்மா?” என்று மட்டும் கேட்பாள். அம்மாவின் கை அசையும்.

“நீ இப்ப பள்ளிக்கூடம் போறதில்லையா?”

“பெரட்டு வரைக்கும் கொண்டுபோய் விடணும். அப்புறம் மலைக்கும் போகணும். இல்லேன்னா அம்மா ஒரே செடியிலேயே நின்னுக்கிட்டு மொட்டையடிச்சிருது. கங்காணி கத்துறாரு. நான் நிரையில பின்னால நின்னு, அடுத்த செடி, அடுத்த செடின்னு சொன்னா போயிரும்.” கூடையின் கயிற்றைச் சரிசெய்தபடி சாதாரணமாகச் சொன்னாள். பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்போடு அவள் பெயர் பள்ளி இடாப்பிலிருந்து வெட்டுப்பட்டிருந்தது.

“தோட்டத்து டாக்டரையாகிட்ட சொல்லி லேசான வேலை கேக்கக் கூடாதா?”

“கேட்டோமே. பெரிய டாக்டரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்காருன்னு அட்டையைக் காட்டுறாரு.” என்னை நேராகப் பார்த்தாள். “படிச்சவுங்க எழுதுனா சரியாத்தானே இருக்கும்.”

அவள் முகத்தில் கிண்டல் இருந்ததா என்று அன்று தேடினேன். கண்டுபிடிக்கமுடியவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம். மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்ததும் முடிவு வரட்டும் என்று நினைத்தேன். மெடிசினுக்குப் புள்ளி போதவில்லை, விஞ்ஞானப் பீடம் கிடைத்தது. கோயிலில் மாலை போட்டார்கள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் பெண். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டே இருந்தாள். தங்கச்சி மெதுவாக அந்தக் கைகளைப் பிடித்து மடியில் வைத்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பதுளைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையாக வந்தேன். முதல் வருடமே எட்டாம் வகுப்பு கிடைத்தது. முன்வாங்கில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை. வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று ஒருநாள் வராமல் நின்றது. மறுநாள் வந்தபோது, படிப்பைவிட அது முக்கியமா என்று வகுப்பு முன்னால் திட்டினேன். அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றது. வீட்டுக்குப் போகும் பாதையில் தங்கச்சியின் பின்னல் ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமையே தோட்டத்துக்குப் போய் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“இப்ப என்னாத்துக்கு?” என்றாள் தங்கச்சி. ஆனால் கிளம்பிவிட்டாள். அவள் இல்லாமல் அம்மா கிளம்பமுடியாது.

பழைய டாக்டர் இல்லை. சிங்கள டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். நான் சிங்களத்தில் பேசினேன். அவர் அம்மாவிடம் கிழமை, மாதம் எல்லாம் கேட்டார். அம்மா எல்லாம் சொன்னாள். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படி என்று அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அத்தனை வருடத்தில் அம்மாவோடு நான் இருந்த நாட்கள் எல்லாம் விடுமுறை நாட்கள்.

“நீ சொல்லு” என்றேன் தங்கச்சியிடம்.

அவள் சொன்னாள். காலையில் எது வரும், எது வராது. அடுப்பை ஏன் அம்மாவிடம் விடுவதில்லை. எந்தச் சொல்லைச் சொன்னால் கோபம் வரும், எதைச் சொன்னால் அடங்கும். எடுத்துக் கொடுத்தால் பழகாது, கேட்டால்தான் கை போகும் என்று எப்படிக் கண்டுபிடித்தாள். ஒருநாள் வரிசையை மாற்றி வைத்துச் சோதித்துப் பார்த்தாளாம். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பேசினார். நெற்றிப் பகுதி மூளை அடிபட்டது. இனி அது பழையபடி வராது. இந்தப் பெண் செய்வதைத்தான் நாங்கள் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பழைய அட்டையைப் புரட்டினார். முதல் தடவையே வீட்டில் இருந்த மாற்றத்தைச் சொல்லியிருந்தால் லேசான வேலைக்குக் கடிதம் கொடுத்திருப்பார்கள், ஒரு சின்னப் பிள்ளை மலையில் நிற்கவேண்டி வந்திருக்காது, அன்று கூட வந்தது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

தங்கச்சி என் கையை இடித்தாள். “என்னா சொல்றாங்க அக்கா?”

சொல்லாமல் விட்டுவிடலாம். அவளுக்கு அவ்வளவு சிங்களம் வராது. டாக்டரம்மா உன்னைப் பாராட்டுகிறார் என்று சொன்னால் போதும், அதுவும் உண்மைதான். மறுபடியும் அந்த அறையில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அம்மா ரொட்டியைப் பற்றிச் சொல்லவந்ததும் நான் விருந்தாளி என்று மறித்தது, வகுப்பில் புரிந்த பிறகும் வாய் திறக்காதது. அம்மா கதிரையில் உட்கார்ந்து மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி கேட்டு முடித்தாள். “தெரியும்” என்றாள்.

“என்னா தெரியும்?”

“அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்த ஒடனேயே அம்மா சொல்லிருச்சே. அக்கா விருந்தாளின்னு சொல்லுச்சு, அப்புறம் வடை வாங்கிக் குடுத்துச்சுன்னு. அது வாயில எது நிக்குது?”

“அப்பாவுக்கு?”

“அவருக்கும்தான்.”

“ஏன் யாருமே கேக்கல?”

அவள் தோளைக் குலுக்கினாள். “கேட்டா நீ படிப்பை விட்டுட்டு வந்திருப்ப. அப்புறம் ஒன்னைய யாரு சமாளிக்கிறது? அம்மாவாச்சும் சொன்னா கேக்கும்.”

டாக்டரம்மா என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. தங்கச்சி எழுந்து நின்றாள். மடுல்சீமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அம்மாவின் கையிலிருந்த முத்திரையை அவள் பிடுங்கவில்லை. குனிந்து, வழக்கமான குரலில் கேட்டாள்:

“அம்மா, அடுத்து என்னா?”

அம்மா முத்திரையை மேசையில் வைத்தாள். கதிரைக்குக் கீழே பார்த்தாள். “செருப்பு” என்றாள்.

நானும் என் செருப்பைத் தேடினேன்.